உப்புத் தண்ணீரில் தேறிய அலகு

ஜூன் 24, திங்கள்

எங்கள் முதலாளி குழந்தைவேல் ஒரு திருடர். வெள்ளி என்று விற்பது பித்தளை. மேலே பூசுகிற வெள்ளியிலும் திருடுவார்.

இதை எழுதிவிட்டு நாளைக் காலையில் அவரிடம்தான் வேலைக்குப் போகப்போகிறேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவளுக்குச் சேலத்தில் முலாம் பட்டறை கிடைத்ததே பெரிது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இன்று புது வேலை வந்தது. எங்கள் தெரு மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு அலகு செய்ய வேண்டும். கன்னத்தில் குத்திக்கொள்கிற அலகு. ஒரு சாண் நீளம், ஒரு முனை ஊசி, மறுமுனையில் வேப்பிலை அளவுக்கு ஒரு வேல். கம்பியை அடித்து, முனையை அரத்தால் ராவி, எல்லாம் கைவேலை. முலாம் மட்டும்தான் எங்கள் தொட்டியில்.

கோயிலில் இருந்த பழைய அலகெல்லாம் கறுத்துவிட்டன என்று பூசாரி மாரப்பன் ஒரு துணியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். எடுத்துப் பார்த்தேன். நல்ல வெள்ளி. வெள்ளியாக இருப்பதால்தான் கறுத்திருக்கிறது. பூசாரிக்கு அது தெரியவில்லை. முதலாளிக்குத் தெரியும். “இதை என்னங்க பண்றது, பழைய சாமானுக்குப் போட்டுக்கறேன். புதுசு பாதி என் உபயமா இருக்கட்டும்” என்றார். பூசாரி கும்பிட்டார்.

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பூசாரி போனதும் முதலாளி கூப்பிட்டார். “ஏம்மா, எந்த முலாம் அதிக நாள் தாங்குது, எது செலவு கம்மி, ரெண்டையும் டெஸ்ட் பண்ணிச் சொல்லு. திருவிழா முடியற வரைக்கும் பளபளன்னு இருந்தாப் போதும்.”

மூன்று வகை போட்டுப் பார்க்கப் போகிறேன். இரும்பில் நிக்கல். பித்தளையில் குரோமியம். பித்தளையில் வெள்ளி. வேர்வைக்குப் பதிலாக உப்புத் தண்ணீர். தினமும் காலையில் வெளியே எடுத்து, விபூதி தொட்ட துணியால் அழுத்தித் தேய்த்து, மறுபடி உள்ளே போட வேண்டும். இந்த முறை என் யோசனை. ஊறுகாய் பாட்டில் மூன்று கழுவி வைத்தேன்.

பாலிஷ் போடுகிற சகாயம் எட்டிப் பார்த்தார். “என்ன கெமிஸ்ட்ரி, ஊறுகாய் எப்ப ரெடி?”

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு குடம்.

ஜூன் 27, வியாழன்

அண்ணன் போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். வேலைக்குப் போகிற வழியில் மண்டிக்குப் போய்க் கொடுத்தேன்.

அண்ணன் அர்த்தனாரி தக்காளி ஏலம் கூவுகிறவன். ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றிருந்தான். “நானூறு... நானூறு... நானூத்திருவது அங்க. என்னங்க மேட்டூர்க்காரரே, தக்காளி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? காயைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க, வெலையைச் சொல்ல வெக்கப்படறீங்க!” எல்லோரும் சிரித்தார்கள். மேட்டூர்க்காரர் நானூற்று ஐம்பது என்றார். மண்டியில் மற்றவர்களுக்கு மைக் இருக்கிறது. அவனுக்கு வேண்டாம். அவன் வாயை நம்பித்தான் விவசாயிகள் அந்த மண்டிக்கு வருகிறார்கள், அந்த வாயை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னான், இந்த வருஷம் அலகு குத்திக்கொள்ளப் போகிறானாம். குழந்தை பிறந்தால் குத்துவதாக வேண்டுதல். அண்ணிக்கு இரண்டு முறை தங்காமல் போனது. குட்டிக்கு இப்போது ஏழு மாதம்.

“பாப்பா, நீ போட்ட முலாம் என் கன்னத்துல. ஊரு பூரா உங்க கம்பெனிக்கு ஓசி விளம்பரம்” என்றான்.

“சாப்பிடறப்ப என்ன பேச்சு” என்றார் வடிவு அண்ணி. ஆனால் சிரித்தார்.

நினைவுக்கு வந்த வரை இந்தத் தெருவில் அலகு குத்திக்கொண்டவர்கள்: மூட்டை தூக்குகிறவர், கொத்தனார், தறி ஓட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர். கடை வைத்திருப்பவர்கள் அபிஷேகத்துக்குப் பால் வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு முதலாளியின் கன்னத்தில் ஓட்டை விழுந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 1, திங்கள்

நிக்கல் போட்டதில் முனை துருப்பிடித்துவிட்டது. தூக்கிப் போட்டேன்.

ஜூலை 6, சனி

குரோமியம் அப்படியே இருக்கிறது. கீறினாலும் கீறல் விழவில்லை. வெள்ளியும் நன்றாக இருக்கிறது, லேசாக மங்கல், தேய்த்தால் வந்துவிடுகிறது. இரண்டையும் மேசையில் வைத்தேன். பூசாரியும் வந்திருந்தார்.

குரோமியத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “என்ன சாமி இது, பஸ்ஸு கம்பி மாதிரி இருக்குது. ஆத்தா கோச்சுக்குவா.”

“அப்ப இந்த வெள்ளிதாங்க. நம்ம பொண்ணு ரெண்டு வாரமா உப்புத் தண்ணியில போட்டு டெஸ்ட் பண்ணிருக்குது. படிச்ச புள்ள” என்றார் முதலாளி.

பூசாரி என்னைப் பார்த்து, “நல்லா இரு தாயி” என்றார்.

குரோமியம்தான் தாங்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை, சொல்லவில்லை. அந்தத் தொட்டியில் வேலை செய்தால் மூக்கு எரிகிறது, அதுவும் ஒரு காரணம்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று முழுவதும் அலகு. கம்பியில் கொக்கி மாட்டித் தொட்டியில் தொங்கவிட்டு, எடுத்து, கழுவி, மரத்தூளில் உலர்த்தி, மறுபடி. கையுறை கிழிந்திருக்கிறது. கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். இது எத்தனையாவது அடுத்த வாரமோ.

முதல் கொத்தை டெஸ்ட்டுக்குப் போட்ட நேரத்துக்கே போட்டேன். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

“எவ்வளவு நேரம்மா தொங்கும்?”

“டெஸ்ட்டுக்குப் போட்ட நேரம்தான் சார். இருபது நிமிஷம்.”

“டெஸ்ட்டுக்குப் போடறது வேற, விக்கறதுக்குப் போடறது வேற. வெள்ளையாயிருச்சுன்னா எடுத்துரு. மூணு, நாலு நிமிஷம் போதும்.”

“அப்ப டெஸ்ட் எதுக்கு சார்?”

“பூசாரி கிட்டச் சொல்றதுக்கு” என்றார். கோபப்படவில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிற குரல்.

முதல் கொத்தை அவரே தூக்கிவிட்டார். பிறகு எல்லாம் நாலு நிமிஷம்தான். வெளியே எடுக்கும்போது ஒன்றுபோல் வெள்ளையாக இருக்கின்றன. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அவர் சாப்பிடப் போனபோது ஒன்றை மட்டும் தொட்டியில் விட்டுவைத்தேன். அரை மணி நேரத்துக்கு மேல். வேலுக்குக் கீழே அரத்தால் ஒரு கீறல் போட்டேன். அது அண்ணனுக்கு.

சகாயம் பார்த்தார், பாலிஷ் சக்கரத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஜூலை 11, வியாழன்

அலகெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டது. பொட்டலம் கட்டியது நான். குட்டிக்குச் சளி.

ஜூலை 23, செவ்வாய்

பூச்சாட்டு, திருவிழாத் தொடக்கம். அண்ணன் காப்புக் கட்டிக்கொண்டான். இனி பதினைந்து நாள் செருப்பு இல்லை, கறி இல்லை, அண்ணி பக்கத்தில் படுக்கை இல்லை. “செருப்பும் கறியும் இல்லாம இருந்துருவேன், கடைசிதான் கஷ்டம்” என்று அண்ணி காதில் விழும்படி சொல்லி அடி வாங்கினான்.

கோயிலில் கூட்டம். அலகுகளை அம்மனுக்கு முன்னால் ஒரு பித்தளைக் குடத்தில் வேல் கீழே, முனை மேலே இருக்கும்படி செருகியிருந்தார்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு எலுமிச்சம்பழம்.

இதை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். சூலத்தில், வேலில், அலகில், எங்கே முனை இருக்கிறதோ அங்கே எலுமிச்சம்பழம். பித்தளைச் சொம்பை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்க்கிற வீட்டில் வளர்ந்தவள். இரண்டு வாரம் உப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூசாரியிடம் கேட்டேன், எத்தனை நாள் இப்படி இருக்கும் என்று. “குத்தற வரைக்கும் தாயி. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பழத்தை மட்டும் மாத்துவோம்.”

வரும்போது அரைக் கிலோ எலுமிச்சை வாங்கினேன். அண்ணி ஊறுகாய் போடலாம் என்றார். இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். பட்டறையில் வேல் வளைந்ததால் ஒதுக்கிய அலகு ஒன்று என் பையில் இருந்தது. நாலு நிமிஷம் போட்டது. அதை ஒரு பழத்தில் குத்தி அலமாரியில் வைத்தேன். டெஸ்ட்டுக்கு இருபது நிமிஷம் முலாம் போட்ட வெள்ளி அலகை இன்னொரு பழத்தில்.

ஜூலை 25, வியாழன்

நாலு நிமிஷ அலகு குத்திய இடத்தைச் சுற்றிப் பச்சை வளையம்.

ஜூலை 27, சனி

இரண்டையும் எடுத்துக் கழுவினேன்.

டெஸ்ட் அலகுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நிமிஷ அலகின் முனையில் வெள்ளி பால் ஆடை மாதிரி சுருங்கிவிட்டது. நகம் பட்டதும் ஒரு துணுக்கு விரலில் ஒட்டியது. அடியில் பித்தளை பச்சையும் பள்ளமுமாக இருந்தது. வெள்ளியை எலுமிச்சை ஒன்றும் செய்யாது. முலாம் மெல்லிசாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், புளிப்பு அதன் வழியாக இறங்கி அடியில் இருப்பதைத் தின்னும். கல்லூரியில் இதற்கு ஐந்து மதிப்பெண் கேள்வி இருந்தது. எழுதி ஐந்தும் வாங்கினேன்.

கெட்டுப்போவது முனை மட்டும்தான். கன்னத்துக்குள் போவதும் முனைதான்.

தடித்த முலாம் தாங்குகிறது. கீறல் போட்டது தாங்கும். இதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு துணி ஊற வைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

பூசாரியிடம் போனேன். வேலுக்குக் கீழே கீறல் போட்ட அலகு ஒன்று இருக்கிறது, அதை அர்த்தனாரிக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

“அப்பிடியெல்லாம் இல்ல தாயி. கண்ணை மூடிக் குடத்துல கை விடறதுதான். ஆத்தா யாருக்கு எதைக் குடுக்கறாளோ அது.”

“நானே எடுத்துத் தர்றேன்.”

“பொம்பளைப் புள்ளைங்க தொடக்கூடாது” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அந்தக் குடத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் தொட்டு, கழுவி, துடைத்துப் பொட்டலம் கட்டியவள் நான்.

அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். முலாம் உரியும், பழத்தை எடுத்துவிடுங்கள் என்று. அவர் முகம் மாறியது. “உங்க மொதலாளி வந்து சொல்லட்டும். டெஸ்ட் பண்ணதுன்னு நீதானே நின்னே அன்னிக்கு?”

ஜூலை 29, திங்கள்

முதலாளியிடம் சுருங்கின அலகைக் காட்டினேன். தண்ணீர் குடித்துக்கொண்டே பார்த்தார்.

“சாமிக்குப் போன சாமான் திரும்பி வராதும்மா.”

“பழைய அலகையாவது குடுங்க சார். கறுத்திருந்தாலும் அது கெடுக்காது.”

“அது எங்க இருக்கு? உருக்கியாச்சே.” தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “ரெண்டு நிமிஷம் குத்திட்டு எடுக்கப் போறானுங்க. விபூதியை அப்பினா ஆறிப் போவுது. ஊர்ல போயி இதைப் பேசிட்டுத் திரியாதே. கோயில் காரியம். உனக்கு ஒண்ணுன்னா நான் வரமாட்டேன்.”

ரெண்டு நிமிஷம் இல்லை. நாலு தெரு சுற்றி வர மூன்று மணி நேரமாகும்.

ஊரில் பேசவில்லை. மதியம் கொலுசு ஆர்டர் இருந்தது.

ஜூலை 31, புதன்

அண்ணனிடம் சொன்னேன்.

“வெள்ளி உரிஞ்சு கன்னத்துக்குள்ள தங்கிரும்ணா.”

“தங்கட்டுமே பாப்பா. வெள்ளி விக்கற வெலைக்கு உடம்புக்குள்ள கொஞ்சம் சேத்து வெச்சுக்கறேன். குட்டி கல்யாணத்துக்கு ஆவும்.”

“விளையாட்டு இல்ல. இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் நானே நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றேன்.”

அண்ணி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். “காப்புக் கட்டினவர்கிட்டப் பேசற பேச்சா தமயந்தி இது? இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

அண்ணன் சிரிப்பதை நிறுத்தினான். “எத்தனை பேரு குத்தறோம் தெரியுமா? அறுவது பேரு. எல்லாருக்கும் ஆவறது எனக்கும் ஆவட்டும். நான் மட்டும் எப்பிடி ஒதுங்கறது?”

நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன்.

ஆகஸ்ட் 7, புதன்

குத்தினார்கள்.

பூசாரி கண்ணை மூடிக் குடத்தில் கை விட்டு, பழத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அலகை விபூதியில் புரட்டினார். பம்பைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். அண்ணன் முறை வந்தபோது எக்கிப் பார்த்தேன். வேலுக்குக் கீழே கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஒரு கன்னத்தில் போய் மறு கன்னத்தில் வந்தது. ரத்தம் வரவில்லை. எல்லோரும் ஆத்தாவின் சக்தி என்றார்கள். அண்ணி அழுதுகொண்டே கும்பிட்டார்.

முதலாளிக்குப் பரிவட்டம் கட்டினார்கள். உபயதாரர் என்று மைக்கில் மூன்று முறை பெயர் வந்தது.

வெயில். நான் மோர் ஊற்றிக் கொடுத்தேன். அலகோடு இருப்பவர்களால் குடிக்க முடியாது, கூட வந்தவர்கள் குடித்தார்கள். சாயங்காலம் அலகை உருவி, விபூதியைத் திணித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அலகெல்லாம் பாலிஷுக்கு எங்களிடமே திரும்பி வந்துவிட்டது. கழுவியது நான். முனைகள் பெரும்பாலும் பச்சை. சிலவற்றில் வெள்ளியே இல்லை. எங்கே போயிற்று என்று கேட்க வேண்டியதில்லை.

கீறல் போட்டது கிடைத்தது. புதிது போல் இருந்தது. யார் கன்னத்தில் இருந்தது என்று தெரியாது.

சகாயம் அதை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணைத்தான் தடியாப் போட்டே. மத்தவனுக்கெல்லாம் கன்னம் தகரத்துல செஞ்சதா?”

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணனுக்குக் காய்ச்சல். இடது கன்னம் வீங்கியிருக்கிறது. வேப்பிலை அரைத்துப் போட்டார்கள். கஞ்சி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அரசு ஆஸ்பத்திரி. கன்னத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். ஒரு தட்டில் பஞ்சில் ஒட்டிக்கொண்டு ஏதோ மின்னியது. நர்சு அதைப் பஞ்சோடு சேர்த்து வாளியில் போட்டார்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். முலாம் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “இருக்கலாம். விபூதியாலும் இருக்கலாம், கையாலும் இருக்கலாம். குத்தினாலே வர்றதுதான். எதனாலன்னு எழுதித் தர முடியாதும்மா.”

ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் அதே வார்டில் கன்னத்தில் கட்டோடு படுத்திருந்தார். அவர் மனைவி என்னிடம் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். காய்ச்சல் இல்லை. தாடை திறக்கவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவு. சீழ் தாடைத் தசைக்குள் இறங்கிவிட்டதாம். தினமும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம். முழுதாகத் திறக்குமா என்று கேட்டதற்கு டாக்டர், செய்துகொண்டே இருங்கள் என்றார்.

நான் பிடித்துக்கொள்கிறேன், அவன் நெம்புகிறான். கண்ணில் தண்ணீர் வழிகிறது. சத்தம் இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

மண்டியிலிருந்து வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ். அண்ணனுடைய பெட்டியில் இப்போது வேறு ஆள் ஏறுகிறான், மைக் வைத்து. “ஒடம்பைப் பாத்துக்கப்பா, தக்காளி எங்க போவுது” என்றார் மண்டிக்காரர். அண்ணன் என்னவோ சொன்னான். பல்லுக்கு நடுவில் வந்ததால் யாருக்கும் புரியவில்லை. ஜோக்காக இருக்கும் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு அண்ணியிடம் எழுதிக் காட்டினான். ஜோக் இல்லை. கணக்கு எழுதுகிற வேலையாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

புது ஆர்டர் வந்திருக்கிறது. தெற்கே ஒரு ஊரில் ஆவணிக் கடைசியில் திருவிழா. எங்கள் அலகைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். நூறு.

முதலாளி கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். “அதே வெள்ளி, அதே நேரம். டெஸ்ட் பண்ண வேண்டியதில்ல, ஏற்கெனவே நீ பண்ணி ஓகே சொன்னதுதானே.” பிறகு நினைவு வந்தவர் போல, “அண்ணன் எப்பிடிம்மா இருக்காரு? பேசறாரா?”

பாலிஷுக்கு வந்த கொத்தில் இன்னும் போடாதது கொஞ்சம் இருந்தது. ஒன்றை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். முனை பச்சை.

“என்னம்மா?”

“உங்க உபயம் சார். கன்னத்துல குத்திக்கிட்டு நாலு தெரு சுத்திட்டு வாங்க. வந்து இதே நாற்காலியில உக்காந்து, இப்பச் சொன்னீங்களே ஆர்டரு, அதை ஒரு எழுத்து கொறையாம மறுபடி சொல்லுங்க. நூறும் நானே போட்டுத் தர்றேன்.”

சகாயம் சக்கரத்தை நிறுத்திவிட்டார். முதலாளி அலகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போய் போனை எடுத்தது, யாருக்கும் போடவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

“வாயைத் திறங்க சார்” என்றேன்.